ரத்தத்தில் சோடியம் குறைவு, சிறுநீரில் மட்டும் ‘நார்மல்’ – எதை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, எடை 52 கிலோ. பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஏப்ரலில் பிரஷர் கூடியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றினார்கள். புது மாத்திரையின் பெயர் முடிகிற இடத்தில் ‘எச்’ என்று இருந்தது. வெயில் காலம் என்பதால் தண்ணீரும் நிறையக் குடித்தார், நாளுக்கு நாலு லிட்டர் இருக்கும். மூன்று வாரத்தில் தலைசுற்றல், குமட்டல். ஒரு நாள் காலை என்னைப் பார்த்து என் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பயந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ரத்தத்தில் சோடியம் 119. சிறுநீரில் 58. சிறுநீர் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே 40–220 என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் டாக்டர், “இது இவ்வளவு இருக்கக் கூடாது” என்றார். லேபில் வேலை பார்க்கும் மாமா பையன் “நார்மல்தான்” என்கிறான். நெஞ்சு எக்ஸ்ரே, தைராய்டு, கார்டிசால் எல்லாம் எடுத்தார்கள். ‘எச்’ மாத்திரையை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, ஐந்து நாள் வைத்திருந்து 131-ல் அனுப்பினார்கள். உப்புதானே, ஒரே நாளில் ஏற்றியிருக்கலாமே? இப்போது 134. அண்ணி தினமும் மோரில் கூடுதலாக உப்புப் போட்டுக் கொடுக்கிறார். போன வாரம் 24 மணி நேரச் சிறுநீர் பிடித்துக் கொடுத்ததில் சோடியம் 142 வந்திருக்கிறது. முன்பு 58, இப்போது 142. உப்பு இன்னும் அதிகமாக வெளியே போகிறதா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் அனுப்பிய எல்லாத் தாள்களையும் பார்த்தேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ராத்திரி தூக்கம் கெடுவது அதனால்தான் இருக்கும். 58-ம் 142-ம் ஒப்பிடக்கூடிய எண்களே இல்லை. முதலாவது ஒரு லிட்டர் சிறுநீரில் எத்தனை மில்லிமோல் (சோடியத்தை அளக்கும் அலகு) சோடியம் என்ற கணக்கு. ஒரு தடவை போன சிறுநீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது, லேபில் ‘ஸ்பாட்’ என்பார்கள். இரண்டாவது, ஒரு முழு நாளில் மொத்தம் எவ்வளவு போனது என்பது. அம்மாவுக்கு அன்று மொத்தச் சிறுநீர் 1,900 மில்லி. 142-ஐ 1.9-ஆல் வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 75. கீரையை ஒரு கடையில் கட்டுக் கணக்கிலும் இன்னொரு கடையில் கிலோ கணக்கிலும் வாங்கி, விலை ஏறிவிட்டது என்று சண்டை போடுவது போலத்தான் இது.

அந்த 40–220 என்ற எண்களும் 24 மணி நேரச் சிறுநீருக்கு உரியவை. பல லேப்களில் கம்ப்யூட்டரில் ‘யூரின் சோடியம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். ஸ்பாட் எடுத்தாலும் அதே எல்லைகளை அச்சடித்துவிடும். உங்கள் மாமா பையன் சொன்னது அந்தத் தாளின்படி சரி. தாள்தான் சரியில்லை.

உண்மையில் சிறுநீர் சோடியத்துக்கு ‘நார்மல்’ என்று ஒன்று கிடையாது. நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் இருக்கும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரை கிலோ வரும். மளிகைக் கடையில் வாங்குகிற ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் ஒன்றரை. நாம் சாப்பிடுவதோ எட்டு, பத்து கிராம். ஆகவே வடிகட்டியதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே போகிறது, சாப்பிட்ட அளவு மட்டும் வெளியே வருகிறது. ஆரோக்கியமான ஒருவருக்குச் சிறுநீர் சோடியம் என்பது நேற்றைய சாப்பாட்டின் கணக்கு, அவ்வளவுதான். 1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் 32 நாடுகளில் 24 மணி நேரச் சிறுநீரை அளந்தார்கள். உப்பே சேர்க்காமல் சாப்பிடும் அமேசான் காட்டு யனோமாமி மக்களிடம் நாளுக்கு ஒரு மில்லிமோல்கூட இல்லை. வட சீனாவின் தியான்ஜினில் 240-ஐத் தொட்டது. இரண்டு இடத்திலும் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அதனால் நாங்கள் இந்த எண்ணைப் பார்க்கும்போது ‘கூடவா குறைவா’ என்று கேட்பதில்லை. இந்த நோயாளியின் உடம்பு இருக்கிற நிலையில் சிறுநீரகம் இப்படி நடந்துகொள்வது பொருத்தமா என்றுதான் கேட்போம். அதே 58-ஐ வைத்துக்கொண்டு வார்டில் நாலு கட்டிலுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கில் வாடிக் கிடப்பவருக்கு 58 வந்தால் எனக்கு இடிக்கும். உடம்பில் உப்பும் நீரும் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் ஒரு துளி உப்பையும் விடாமல் பிடித்து வைக்க வேண்டும், 20-க்குக் கீழே போயிருக்க வேண்டும். சிறுநீரே சரியாகப் பிரியாமல், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டு போகிறவருக்கு 58 வந்தால், வெறும் நீர் வறட்சி இல்லை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களே அடி வாங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கி வந்தவருக்கு நீர் பிரிக்கும் ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து 58 வந்தால், ஊசி போதவில்லையோ, டோஸைக் கூட்டலாமா என்று யோசிப்போம். அங்கே 50–70-க்குக் குறைந்தால் மருந்துக்கு உடம்பு சரியாக ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். நாலாவது கட்டிலில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த, வேறு எந்தக் கோளாறும் இல்லாத ஆள். அவருக்கு 58 வந்தால் ஏன் இந்தச் சோதனையை எழுதினீர்கள் என்றுதான் கேட்பேன்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம்.

ரசத்தில் உப்பு சப்பென்று இருந்தால் இரண்டு காரணம்தான். உப்பு குறைவாகப் போட்டிருக்க வேண்டும், அல்லது தண்ணீர் கூடிவிட்டிருக்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் எல்லோரும் முதல் காரணத்தையே நினைக்கிறோம். ‘உப்பு குறைஞ்சிடுச்சு’ என்று ஊரில் சொல்வதும் அப்படித்தான். ஆனால் வார்டில் நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் காரணம், தண்ணீர் கூடிவிட்டது. இயல்பாக 135–145 இருக்க வேண்டிய சோடியம் 119-க்கு இறங்கியிருக்கிறது. தண்ணீர்தான் அதிகம் என்றால் சிறுநீரகம் என்ன செய்ய வேண்டும்? நீர்த்த, கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீர் போன்ற சிறுநீரை லிட்டர் லிட்டராக வெளியே விட வேண்டும்.

அம்மாவின் தாளில் ‘ஆஸ்மோலாலிட்டி’ என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு திரவத்தில் எவ்வளவு சரக்கு கரைந்திருக்கிறது என்ற அளவு அது. ரத்தத்தில் 248, சிறுநீரில் 420. தண்ணீரை வெளியேற்றுகிற சிறுநீரகமாக இருந்தால் அந்த 420 நூறுக்குக் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. ரத்தம் நீர்த்துக் கிடக்கும்போது சிறுநீர் கெட்டியாகப் போயிருக்கிறது. உங்கள் டாக்டர் “இவ்வளவு இருக்கக் கூடாது” என்றது 58 என்ற எண்ணை மட்டும் பார்த்து இல்லை. இந்த 248, 420, 58 மூன்றையும் சேர்த்துப் பார்த்து, அதோடு அம்மாவின் கணுக்காலை அமுக்கிப் பார்த்து வீக்கம் இல்லை, நாக்கு வறளவில்லை, எழுந்து நின்றால் பிரஷர் இறங்கவில்லை என்பதையும் வைத்துச் சொன்னது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் இரண்டே வரியில் இருக்கிறது. யாரும் படிக்காத அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் 58-க்கு அர்த்தமே கிடையாது. 

இப்படி வீக்கமும் இல்லாமல் வறட்சியும் இல்லாமல், ரத்தத்தில் சோடியம் குறைந்து, சிறுநீர் கெட்டியாகவும் அதில் சோடியம் 30-க்கு மேலாகவும் இருந்தால் எங்கள் மனதில் முதலில் வருவது, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் தேவையில்லாமல் சுரக்கிறதோ என்பது. வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃப்ரெடரிக் பார்ட்டர் ஆகியோர் 1957-ல் இதை முதன்முதலில் விவரித்தபோது, அவர்கள் பார்த்த இரண்டு நோயாளிகளுக்கும் நுரையீரலில் புற்றுநோய் இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தது அந்தப் பழைய பாடத்தினால்தான். அம்மாவின் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அதைப் பற்றி மேற்கொண்டு கவலைப்படாதீர்கள். தைராய்டும் கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்தாலும் இதே படம் வரும், அவையும் சரியாக இருக்கின்றன. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தருகிற சில மாத்திரைகள் இதைச் செய்யும், அம்மா அவை எதுவும் சாப்பிடவில்லை. மிச்சம் நிற்பது ‘எச்’.

அந்த எச் என்பது ஹைட்ரோகுளோரோதயசைட், நீர் பிரிக்கும் மருந்து. 12.5 மில்லிகிராம்தான், ஆனால் அது வேலை செய்கிற இடம் வினோதமானது. சிறுநீரகக் குழாயில் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு பகுதி உண்டு. அங்கே உப்பை மட்டும் உறிஞ்சி, தண்ணீரை உள்ளேயே விட்டுவிடும். சிறுநீர் கடைசியாக நீர்த்துப்போவது அந்த இடத்தில்தான். இந்த மருந்து அங்கே போய்க் கதவைச் சாத்துகிறது. அதனால் உப்பு சிறுநீரோடு போகிறது, சிறுநீரை நீர்க்கச் செய்யும் திறமையும் குறைந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தங்கும். வயதான, ஒல்லியான பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, அதுவும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில். அம்மாவுக்கு 71 வயது, 52 கிலோ, மூன்றாவது வாரம். பாடப்புத்தகத்தில் படம் போட்டது மாதிரி இருக்கிறது. மருந்து நல்ல மருந்துதான், பலருக்கு வருடக் கணக்கில் ஒரு தொந்தரவும் செய்யாது. தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு தடவை ரத்தச் சோடியம் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே தப்பியிருக்கலாம். நம் ஊரில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது எடுத்த சிறுநீர் சோடியத்தை வைத்து, ஹார்மோன் கோளாறு என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்மரியில் ஒரு கேள்விக்குறியோடு அப்படி எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு சோடியம் தானாக 134-க்கு வந்து அங்கேயே நின்றால் அந்தக் கேள்விக்குறியை அடித்துவிடலாம்.

ஒரே நாளில் ஏற்றியிருக்கலாமே என்றீர்கள். ஏற்றியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேன். சோடியம் மெல்ல மெல்ல இறங்கும்போது மூளைச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் சில பொருள்களை வெளியே தள்ளி அந்த நிலைக்குப் பழகிக்கொள்கின்றன. பழகிய பிறகு வெளியே திடீரென்று உப்பு ஏறினால் செல்லிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு, மூளைத் தண்டில் நரம்புகளின் மேலுறை சிதைந்துபோகும். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அப்புறம் நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கை கால் விழும். அதனால்தான் 24 மணி நேரத்தில் எட்டு புள்ளிக்கு மேல் ஏற்றுவதற்கு நாங்கள் யோசிக்கிறோம், பத்தைத் தாண்டவே விடுவதில்லை. ‘எச்’ போன்ற தயசைட் வகை மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தின் வேகம் அடங்கியதும் பூட்டியிருந்த கதவு திறந்து, சிறுநீர் தண்ணீராகக் கொட்ட ஆரம்பிக்கும். நாங்கள் எதையும் ஏற்றாமலே சோடியம் கிடுகிடுவென்று ஏறிவிடும். ஐந்து நாளும் நர்ஸ் வந்து சிறுநீர் எவ்வளவு என்று அளந்து எழுதினார், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள் என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏற்றத்துக்குக் காவல் இருந்ததுதான் அது.

ரத்தம் எடுத்த நேரம், சிறுநீர் எடுத்த நேரம் இரண்டும் முக்கியம் என்பதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு பெரியவருக்குக் காலையில் சிறுநீர் சோடியம் அனுப்பினேன், 96 வந்தது. ரவுண்ட்ஸில் சீஃபிடம், “சார், கிட்னி உப்பைக் கசிய விடுது” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கட்டிலுக்கு அடியில் கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்தார். “ராத்திரி எத்தனை போயிருக்கு?” நாலு. அரை லிட்டர் வீதம் இரண்டு லிட்டர் நார்மல் சலைன். நம் ஜனங்கள் ‘குளுக்கோஸ் ஏத்தினாங்க’ என்பார்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர், லிட்டருக்கு 9 கிராம். பெரியவருக்குள் நான் 18 கிராம் உப்பை ஏற்றிவிட்டு, அது சிறுநீரில் வருகிறதே என்று கண்டுபிடித்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வந்தவுடன், டிரிப் போடுவதற்கு முன்பே சிறுநீர் எடுத்திருக்கிறார்கள். தாளில் நேரம் 7.40 என்று இருக்கிறது, டிரிப் தொடங்கியது 8.15. அந்த 35 நிமிஷத்தை யோசித்துச் செய்தவர் யாரோ, நல்ல கை.

இதே போல வாந்தியும் ஏமாற்றும். நிறைய வாந்தி எடுத்தவருக்கு உடம்பு வற்றியிருந்தாலும் சிறுநீரில் சோடியம் அதிகமாகத் தெரியலாம். அப்போது குளோரைடைப் பார்க்க வேண்டும், அதுதான் உண்மையைச் சொல்லும். அம்மாவுக்குக் குமட்டல் மட்டும்தான், வாந்தி இல்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

இனி 142. இந்த எண்ணுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 24 மணி நேரச் சிறுநீர் சோடியத்தை 17-ஆல் வகுத்தால் எத்தனை கிராம் உப்பு என்று வரும். 142-ஐ வகுத்தால் எட்டு கிராமைத் தாண்டுகிறது. சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குதான் சிறுநீரில் வரும், மிச்சம் வியர்வையிலும் மலத்திலும் போகும் என்பதால் அம்மா நாளுக்கு ஒன்பது கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குக் கீழே. அண்ணி அன்போடு போட்ட மோர் உப்பும் இந்த ஒன்பதில்தான் இருக்கிறது. ஆக, உப்பு கசியவில்லை. உள்ளே போனது வெளியே வருகிறது, சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

பிடித்துக் கொடுத்தது முழுசாக இருந்ததா என்றும் பார்த்தேன். பலர் தவறுவது இங்கேதான். காலை எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது, கொட்டிவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு போவதெல்லாம் கேனுக்கு, மறுநாள் அதே நேரத்துக் காலைச் சிறுநீர் வரை. மலம் கழிக்கப் போகும்போது சேர்ந்து போகிற சிறுநீரை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு நாளுக்கு நாள் அதிகம் மாறாத கிரியாட்டினினை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். அம்மாவின் சிறுநீரில் அது நாளுக்கு 620 மில்லிகிராம், கிலோவுக்கு 12 ஆகிறது. அவர் வயதுக்கும் உடல்வாகுக்கும் இது பொருத்தமானது, ஆகவே அநேகமாக எதையும் தவறவிடவில்லை.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் மோரில் கூடுதல் உப்பை நிறுத்துங்கள். இறங்கியது மாத்திரையாலும் தண்ணீராலும். உப்பைக் கூட்டினால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் யாராவது ஒருவர் இன்னொரு ‘எச்’ எழுதுவார். அதற்காக உப்பில்லாப் பத்தியமும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதைச் சாப்பிடட்டும், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இவற்றை மட்டும் என்றைக்காவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். அம்மா இப்போது சாப்பிடும் பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது, இரண்டும் சேரக் கூடாது. தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒன்றரை லிட்டர் என்று டிஸ்சார்ஜில் எழுதியிருப்பதை, அடுத்த ரத்தப் பரிசோதனை வரை அப்படியே கடைப்பிடியுங்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில் ரத்தச் சோடியம் ஒரு தடவை பார்த்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அது 135-க்கு மேல் இருந்தால், சிறுநீரில் மறுபடி எதுவும் பார்க்க வேண்டியதில்லை. யாராவது ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்றாலும் வேண்டாம், இன்னொரு எண் வரும், இன்னொரு குழப்பம் வரும். அதற்கு முன்பே பழையபடி ஆளை மாற்றிக் கூப்பிடுவது, நடையில் தள்ளாட்டம், விடாத வாந்தி, வலிப்பு என்று எதுவாவது தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அம்மாவின் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்: ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன், இண்டபமைட் இவருக்கு ஆகாது. மூன்றும் ஒரே வேலை செய்பவை, ஒன்றில் பட்டவருக்கு இன்னொன்றிலும் திரும்ப வரலாம். அப்புறம், அந்த ‘எச்’ மாத்திரை அட்டை பாதி மிச்சம் வீட்டில் எங்காவது இருக்கும், ஃப்ரிட்ஜ் மேலோ சாமி அலமாரியிலோ. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வைத்திருப்பீர்கள். இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள்.